சேங்கொட்டை வட்டம்

டி செல் ஆராய்ச்சிக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் பதிலையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஒரு நல்ல பேராசிரியர், ஒரு நுண்ணோக்கி, சின்ன வயதிலேயே அறிவியல் மேல் ஆசை. சின்ன வயதில் எனக்கு இருந்த ஆசை காலில் போட ஒரு சோடி சப்பாத்து. வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை. இந்த வேலைக்கு நான் வந்தது ஒரு தோட்டத்து டோபி வைத்த கறுப்பு வட்டத்தால். சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசி கிடையாது. கூப்பனுக்குக் கோதுமை மா கொடுத்தார்கள், அதுவும் தோட்டத்துக்கு வந்து சேரும்போது பாதியாகியிருக்கும். நான் கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பதுளையில் படித்து, முட்டி மோதிப் பட்டம் வாங்கியவள். எங்கள் பெரிய டாக்டர் ஊவா தோட்டங்களில் காசநோய்க் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கினார். என்னைச் சேர்த்துக்கொண்டது என் மூளைக்காக இல்லை. தமிழில் பேசி ஆட்களைக் கையை நீட்ட வைக்க ஒருத்தி வேண்டியிருந்தது.

செய்த சோதனை எளிது. முன்கையின் உட்பக்கத்தில், தோலுக்குள், காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த மருந்தில் ஒரு துளி. உடம்பு அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால் மூன்றாம் நாள் அந்த இடம் சிவந்து தடிக்கும். சந்திக்காத உடம்பில் ஒன்றும் நடக்காது. தடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போ, தடிக்காவிட்டால் மலைக்குப் போய்க் கொழுந்து பறி. அவ்வளவுதான் எங்கள் தீர்ப்பு. அந்தத் தடிப்பை உண்டாக்குவது டி செல்கள். கிருமியை ஒரு தடவை கண்டால் முகத்தை மறக்காத செல்கள் அவை. அந்தச் செல்களே எழும்பத் திராணியில்லாமல் கிடந்தால் கை என்ன சொல்லும் என்ற கேள்வி புத்தகத்தின் ஒரு மூலையில் இருந்தது. எங்கள் கூட்டத்தில் யாரும் அந்த மூலைக்குப் போகவில்லை.

பெரிய டாக்டருக்கு இன்னொரு முறை இருந்தது. அளக்கிறவர் ஆளின் முகத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் இரக்கப்பட்டுக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவோமாம். அதனால் தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்துப் போத்தலை நீட்டும் சின்ன ஜன்னலை மட்டும் திறந்து வைப்போம். வெளியிலிருந்து கை மட்டும் உள்ளே வரும். நாங்கள் கையைப் பிடித்துத் தடவி, அளந்து, எழுதி, விடுவோம். அடுத்த கை வரும்.

ஊசி போட்ட இடம் தெரியப் பேனாவால் வட்டம் போடுவது வழக்கம். முதலில் போன கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் மழையும் வேலையும் சேர்ந்து வட்டத்தை அழித்துவிட்டன. எந்த இடத்தில் குத்தினோம் என்றே தெரியவில்லை. பெரிய டாக்டர் கடுப்பாகிவிட்டார். அடுத்தது நான் பிறந்த தோட்டம். அங்கே பெரிய கங்காணியைக் கூப்பிட்டு, மை எதனாலும் அழியக்கூடாது, அதற்கு நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

தெமோதரையில் ரயிலை விட்டு இறங்கி ஏறிப் போனேன். பாதி வழியில்தான் எதுவோ சரியில்லை என்று பட்டது. எது என்று பிடிபடவில்லை. பனி இறங்கியிருந்தது, அது எப்போதும் இறங்குவதுதான். லயத்து வாசலுக்கு வந்த பிறகே விளங்கியது. காகம் ஒன்றுகூட இல்லை. நாய் இல்லை. மத்தியான நேரம், ஒரு கூரையிலும் புகை இல்லை. பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், விளையாடாமல். நான் கடந்து போகும்போது தலையைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் திருப்பினார்கள்.

அக்கா அதே லயத்தில், நாங்கள் பிறந்த அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தாள். அவளுடைய புருஷன் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர். போய்க் கூப்பிடுகிறேன் என்றார், கூப்பிடவில்லை. அக்காவும் ஆறு வயது மகளும் மட்டும்.

"என்னடி, கொழும்புல சோறு போடலியா? ஈர்க்குச்சியா வந்து நிக்கிற" என்றாள் அக்கா.

"நீ கண்ணாடியில உன்னப் பாத்தியா?"

"கண்ணாடிய வித்து மாவு வாங்கியாச்சு. இனிமே நீ சொன்னாத்தான் உண்டு."

பிள்ளை மூலையில் கம்பளிக்குள் கிடந்தது. இருமல் இருந்தது, ஆனால் சத்தம் இல்லாத இருமல், நெஞ்சு மட்டும் குலுங்கியது. தொட்டால் சுட்டது.

"அந்தியானா இப்புடித்தான் காயுது" என்றாள். "டாக்டர் ஐயா புழுன்னாரு. புழு மருந்து குடுத்தாரு. புழுவுக்குத் திங்க உள்ளார என்னா இருக்கு? அது நமக்கு முன்னாடியே செத்துருக்கும்."

டாக்டர் ஐயா என்று அவள் சொன்னது தோட்டத்து மருந்துக்காரரை. அவரிடம் மூன்று போத்தல் மருந்து இருந்தது, மூன்றும் ஒரே நிறம்.

அக்காவுக்குப் பயம் நோயைப் பற்றியதில்லை. கை தடித்தால் பிள்ளையைப் பிடித்து நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே போனது திரும்பி வராது என்பதுதான். "தடிக்கக் கூடாதுன்னு மாரியம்மாளுக்கு மஞ்சத்துணி முடிஞ்சு வச்சிருக்கேன்" என்றாள். லயம் முழுக்க அப்படித்தான். தடிக்காத கை நல்ல கை.

மறுநாள், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி ஊசி போட்டோம். தோலுக்குள் போடும் ஊசி சுருக்கென்று வலிக்கும். கொஸ்லந்தையில் பிள்ளைகள் ஊரைக் கூட்டினார்கள். இங்கே ஒன்றும் அழவில்லை. ஊசி தோலுக்குள் போவதை, ஏதோ வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றன. ஊசி போட்டுக்கொண்டவர்கள் வரிசையாக அங்கிருந்த கொட்டகைக்கு அந்தப் பக்கம் போனார்கள். அங்கே பெரிய கங்காணி வட்டம் போட ஆள் வைத்திருந்தார். தார் போல ஒரு வாடை வந்தது. கங்காணி நல்ல மை வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மருந்துச்சாலை முன்னால் ஒரே கூச்சல். அந்தத் தோட்டத்தில் நான் கேட்ட முதல் சத்தம் அதுதான்.

"ஊசி போட வந்தீங்களா, சூடு போட வந்தீங்களா?" என்று ஒருத்தி கையைத் தூக்கிக் காட்டினாள். முன்கையில் வட்டமாகக் கொப்புளம், நீர் வடிந்துகொண்டிருந்தது.

பெரிய கங்காணி கூட்டி வந்திருந்தது தோட்டத்து டோபியை. டோபி வைத்தது சேங்கொட்டைச் சாறு. சலவைத் துணியில் இன்னார் வீட்டுத் துணி என்று குறி போடுவார்களே, அதே கறுப்பு.

"அழியக்கூடாதுன்னு அவுங்கதானே சொன்னாங்க" என்றார் கங்காணி என்னிடம். "இது துணி கிழிஞ்சாலும் அழியாது."

டோபி சுவரோரமாக நின்றார். "துணிக்கு வைக்கிறதத்தாம்மா வச்சேன். ஆளுக்கு வைன்னாரு. ஆளும் துணியும் ஒன்னான்னு நான் கேக்க முடியுமா?"

சேங்கொட்டைச் சாறு தோலில் பட்டால் கொப்புளிக்கும். குறி போட்ட துணியை உடுத்தி வளர்ந்தவர்களுக்கு இன்னும் மோசம். உடம்பு அதை முன்பே எதிரியாகத் தெரிந்து வைத்திருக்கும். தெரிந்து வைத்திருப்பதும் டி செல்கள்தான், கொப்புளம் கிளப்புவதும் அவைதான். நாங்கள் ஊசியால் ஒரு தடவை கேட்ட கேள்வியை டோபி அவருக்கே தெரியாமல் இன்னொரு தடவை கேட்டு வைத்துவிட்டார். இது எனக்கு அப்போது விளங்கவில்லை. அன்று மத்தியானத்துக்குள் விளங்கிவிட்டது.

பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் எல்லாரையும் திட்டி முடித்துவிட்டு, எப்படியும் அளந்து பார் என்றார். நான் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தேன். கைகள் வந்தன. வீங்கிய கை, நீர் வடியும் கை, மஞ்சள் அப்பிய கை. எது ஊசித் தடிப்பு, எது சேங்கொட்டைக் கொப்புளம் என்று பிரிக்க முடியாது. அளக்க லாயக்கில்லை என்று எழுதினேன். அப்படியே எழுதிக்கொண்டு வரும்போது ஒரு கை வந்தது.

வழுவழுவென்றிருந்தது. கறுப்பு வட்டம் சுவரில் வரைந்தது போல அப்படியே உட்கார்ந்திருந்தது. கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை. நடுவில் ஊசி போட்ட இடத்தில் சின்னப் புள்ளி, அதைச் சுற்றியும் எதுவுமில்லை. ஆற்றுக் கல் மாதிரிக் குளிர்ந்த கை. விட்டுவிட்டேன். கொஞ்சம் கழித்து அதே மாதிரி இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. கூச்சல் போட்டவர்களுடைய கைகள் இல்லை இவை. இந்தக் கைகள் வரும்போது வெளியே ஒரு சத்தமும் இருக்காது. நீட்டியதை நான் விடும்வரைக்கும் நீட்டியபடியே இருக்கும்.

ஒரு சின்னக் கை வந்தது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. முழங்கைக்குக் கீழே தேத்தண்ணி கொட்டிச் சுட்ட தழும்பு. அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். வட்டம் சுத்தமாக இருந்தது. நான் தடவும்போது அந்த விரல்கள் என் பெருவிரலை மெல்லப் பிடித்தன. பிடித்தன என்று சொல்வதே அதிகம். மேலே கிடந்தன.

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

பெரிய டாக்டர் என் தாளைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதலடைந்திருந்தார். கொப்புளித்த கைகளைக் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் இந்தச் சுத்தமான கைகள் உதவும் என்றார். எல்லாம் பூச்சியம். ஆகவே இந்தத் தோட்டத்தில் காசநோய் இல்லை என்று எழுதலாம். அந்த மனுஷன் அதை உண்மையாகவே சொன்னார். பதுளை ஆஸ்பத்திரியில் கட்டில் குறைவு, தடிப்புக் காட்டியவர்களுக்கு மட்டும்தான் அவர் கடிதம் கொடுப்பார்.

சேங்கொட்டை எல்லாரையும் சுட்டது, இவர்களை மட்டும் ஏன் சுடவில்லை என்று கேட்டேன். வேலை செய்து காய்த்த தோலாக இருக்கும் என்றார். ஆறு வயதுப் பிள்ளைக்கா என்றேன். பட்டினி கிடந்த இந்த உடம்புகள் எதையும் காணவில்லை, சேங்கொட்டையைக் காணாத உடம்பு கிருமியை மட்டும் எப்படிக் காணும், இவர்கள்தான் சாகப்போகிறவர்கள் என்றேன். ஒரு டோபியின் கொட்டையை வைத்து மருத்துவம் பேசாதே என்றார். அதற்குமேல் தமிழில் பேசினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் நான் சொன்னதெல்லாம் விளங்கியிருக்கும்.

அன்றோடு அந்த வேலை போனது.

அக்கா வாசலில் சந்தோஷமாக நின்றாள். "புள்ளைக்கும் ஒன்னுமில்ல, எனக்கும் ஒன்னுமில்ல. பாரு, வழுவழுன்னு" என்று தன் கையையும் நீட்டினாள். அவளுடைய வட்டமும் அப்படியே இருந்தது. அந்த லயத்தில் அன்றைக்கு அவளளவு சந்தோஷமாக யாரும் இல்லை.

"ரெண்டு பேரும் பதுளைக்குக் கெளம்புங்க" என்றேன்.

"பைத்தியமாடி ஒனக்கு? நோவு இல்லன்னு ஒங்க டாக்டரே சொல்லிட்டாரு."

"அவன் கிடக்குறான். கெளம்பு."

பஸ்ஸில் பிள்ளை என் மடியில் கிடந்தது. கொழுந்துக் கூடை வெறுமையாக இருக்கும்போது இருக்கும் கனம்தான். பதுளை ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் முதலில் கையைத் திருப்பித்தான் பார்த்தார், தடிப்பு இல்லையே என்றார். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்காமல் போகமாட்டேன் என்று வாசல்படியில் உட்கார்ந்தேன். என்னை எழுப்புவதைவிடப் படம் எடுப்பது சுலபம் என்று கடைசியில் அவருக்குப் பட்டது.

அந்த நெஞ்சுப் படத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். இரண்டு நுரையீரலிலும், மேலிருந்து கீழ்வரை, ஒரே அளவில், குரக்கனை வாரி இறைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். சாப்பிட ஒரு மணி தானியம் இல்லாத பிள்ளையின் நெஞ்சுக்குள் யாரோ விதைத்து வைத்திருந்தார்கள். இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி, தடித்திருக்க வேண்டுமே, தடித்திருக்க வேண்டுமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கும் படம் எடுக்கச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள்.

"மொதல்ல புள்ள. நானும் படுத்துட்டா அதுக்குத் தண்ணி யாரு குடுப்பா? அது எந்திரிச்சதும் என்னப் படுக்க வையி."

எவ்வளவு கத்தியும் பலனில்லை. கத்தினால் கேட்கிற ஆள் இல்லை அவள். நான் அவளிடமிருந்துதான் கத்தக் கற்றுக்கொண்டேன்.

பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டு மாடியில் தங்கினேன். அவருடைய மனைவி, யாரென்று கேட்காமலே, தினமும் முட்டையும் ஆட்டெலும்பு ரசமும் கொடுத்து அனுப்பினார். பிள்ளைக்கு ஊசியும் மாத்திரையும் நடந்தன. தாய்க்கென்று தனியாகக் கொடுத்ததும் பிள்ளையின் வாய்க்குத்தான் போயிருக்கிறது என்று பிறகு தாதி ஒருத்தி சொன்னாள்.

இடையில் மற்றக் கைகளைத் தேடித் தோட்டத்துக்குப் போனேன். தாள்கள் பெரிய டாக்டரோடு போய்விட்டன, முகம் எதுவும் தெரியாதே, கைகளை மட்டும்தானே பார்த்தேன். அதனால் லயம் லயமாக நின்று, கறுப்பு அழியாதவர்கள் யார் என்று கேட்டேன். கொப்புளித்தவர்களுக்குத் தோல் உரிந்து வட்டம் போய்விட்டது. கொப்புளிக்காதவர்களுக்கு அது வைத்த நாள் மாதிரியே இருந்தது. நான் போகும் முன்பே லயத்து ஆட்கள் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். செத்தவர்களைக் கழுவிய பெண்கள் முதலில் பார்த்திருக்கிறார்கள். ஒரு கிழவருடைய கையில் வட்டம். அடுத்த லயத்துப் பிள்ளையின் கையில் வட்டம். வட்டம்தான் ஆளை எடுக்கிறது என்று பேச்சுப் பரவி, இருப்பவர்கள் செங்கல்லால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டதும் கையைச் சேலைக்குள், கம்பளிக்குள் மறைத்தார்கள். ஒரு பெண் கதவுக்குப் பின்னால் நின்று, "இங்க யாருக்கும் இல்லீங்க, போயிருங்க" என்றாள். உள்ளே கல் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

டோபி யாருடைய கண்ணிலும் படாமல் இருந்தார். அவரை அடிக்க ஆட்கள் தேடித் திரிந்தார்கள். அடிக்க வேண்டிய ஆட்கள் வேறு இடங்களில், மேசைக்குப் பின்னால், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். சிலரைத்தான் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு வர முடிந்தது. சிலரை வரவிடாமல் வீட்டார் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

பிள்ளை தேறியது. முதலில் அழுதது. ஊசி போட வந்த தாதியைப் பார்த்ததும் தொண்டை கிழிய அழுதது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பழைய வட்டம் உரிந்து, அந்த இடம் சுத்தமாகியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அக்கா வார்டு வாசலுக்கே ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"வந்துருச்சுடி. யாரும் தொடல. யாரும் ஒன்னும் வைக்கல. தானா வந்துருச்சு."

பிள்ளையின் முன்கையில், கழுவித் துடைத்தது போலிருந்த அதே இடத்தில், வட்டம் எழும்பியிருந்தது. கறுப்பு இல்லை, சிவப்பு. காசு அளவுக்கு வட்டமாகப் பொரிப் பொரியாக. டோபி வைத்த அதே இடம், அதே அளவு. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் உள்ளே இருந்துகொண்டு வரைந்தது போல. பக்கத்துக் கட்டில்காரி விபூதியை எடுத்துக்கொண்டு வந்தாள். நானும் கொஞ்சம் வாங்கிப் பூசிக்கொண்டேன், பொய் சொல்லவில்லை.

பிள்ளையின் சட்டையைப் பின்னால் திருப்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சட்டை. கழுத்துப் பட்டியில் சலவைக் குறி, புதுச் சேங்கொட்டைக் கறுப்பு. அது பட்ட இடத்தில் கழுத்தும் கொப்புளித்திருந்தது. கழுத்தில் பட்டதைக் கை நினைவுபடுத்திக்கொண்டது. அன்றைக்கு எதையும் காணாமல் தூங்கிய டி செல்கள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. சோறு விழுந்ததும் எழும்பி, முன்பு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கியிருக்கின்றன. இளம் டாக்டர் மறு கையில் காசநோய் ஊசியைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கொழுக்கட்டை மாதிரித் தடித்தது.

அதன்பின் நான் செய்த அத்தனை வேலையும் அந்த ஒரு வட்டம்தான். எண்பதுகளில், வேறொரு நாட்டில், புற்றுநோய்க்காரர்களின் டி செல்களை உசுப்பி எழுப்பி நோயோடு மோத விடும் சிகிச்சையில் வேலை செய்தேன். தூங்கும் செல் செத்த செல் இல்லை என்று நான் சொன்னபோது ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் காட்டினேன். எலியில் காட்டினேன், குழாயில் காட்டினேன். முதலில் எங்கே கண்டேன் என்று சொல்லவில்லை.

வட்டம் எழும்பிய அன்றைக்கு, அக்கா பிள்ளையின் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது அவளுடைய சட்டைக் கை மேலே ஏறியது. அவளுடைய வட்டம் கறுப்பாக, மழமழவென்று, முதல் நாள் மாதிரியே இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். நான் பார்ப்பதையும் பார்த்தாள்.

"சரி. இப்பப் படுக்கிறேன்" என்றாள்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். நெஞ்சுப் படத்தில் வெள்ளை விழாத இடமே இல்லை. மருந்து ஏறியது, ரசம் ஏறவில்லை, குடித்தது வெளியே வந்தது. கட்டில் விரிப்பின் மூலையிலும் சலவைக் குறி இருந்தது. அவள் அதை இழுத்து எடுத்து, முன்கையில் வட்டத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு கிடப்பாள். நான் போனதும் கையை நீட்டுவாள்.

"வந்துருச்சா பாரு. அரிக்கிற மாதிரி இருக்கு."

தடவிப் பார்ப்பேன்.

"வரும்" என்பேன்.

"புள்ளைக்கு வந்துச்சுல்ல. எனக்கும் வரும்."

விரிப்பை மாற்றினால், புது விரிப்பில் குறி இருக்கும் மூலை எது என்று தேடி எடுத்துக்கொள்வாள். கடைசியில் தேடச் சக்தியில்லை, நான் எடுத்துக் கையில் வைத்தேன். அவள் போன பிறகு உடலைக் கழுவும்போது லயத்திலிருந்து வந்திருந்த பெண்கள் வட்டத்தைக் கண்டு பின்வாங்கினார்கள். ஒருத்தி கல்லைத் தேடினாள். தேய்க்க விடவில்லை. நானே கழுவினேன், துடைத்தேன். பழக்கம், விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தேன்.